கடலுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு

காலை நீட்டிப் படு. போர்வையை இழுத்துக்கோ, பாதம் வெளிய தெரியுது பாரு. ஆங், அப்படித்தான். பெரியப்பா கதை சொல்றேன், நீ ம் கொட்டிக்கிட்டே வரணும். ம் நின்னுச்சுன்னா கதையும் நின்னுடும்.

ஒரு ஊர்ல ஒரு கெணறு வெட்டுற ஆளு இருந்தான். கொளஞ்சின்னு பேரு. வறண்ட ஊரு அது. குடிதண்ணிக்கு ஓடையில போய் ஊத்துத் தோண்டி, சிரட்டையால மொண்டு மொண்டு ஊத்தி, ஒரு குடம் நெறயறதுக்குள்ள வெயில் ஏறிடும். அப்படிப்பட்ட ஊர்ல கெணறு வெட்டுறவனுக்கு எவ்வளவு மரியாதை இருக்கும்னு நீயே நெனச்சுப் பாரு. கொளஞ்சி ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பாப்பான். "இங்க வெட்டுங்க"ம்பான். வெட்டுனா தண்ணி வரும். அவன் சொல்லித் தப்புனதே இல்லை.

அவனுக்கு ஒரு பொண்டாட்டி, பட்டம்மா. அதிகம் பேச மாட்டா. அவங்களுக்கு ஒரே ஒரு பொண்ணு. அதுக்கு முன்னாடி பொறந்த மூணு புள்ளைங்களும் தங்கலை. அதனால நாலாவதா இவ பொறந்தப்போ, கசப்பா ஒரு பேரை வெச்சுட்டா எமன் வாயில வெக்க மாட்டான்னு வேம்புன்னு பேரு வெச்சாங்க. வேம்புக்கு அப்போ ஏழு வயசு. உன்னை விட ஒரு வயசு பெரியவ.

ம் கொட்டு. ஆங்.

வேம்புக்கு வாய் ஓயவே ஓயாது. எறும்பு எங்கப்பா தூங்கும்? காத்து வீசாதப்போ எங்க போய் உக்காந்திருக்கும்? நான் பொறக்கறதுக்கு முன்னாடி எங்க இருந்தேன்? இப்படி ஒண்ணு மாத்தி ஒண்ணு கேட்டுக்கிட்டே இருப்பா. பட்டம்மா ஏதோ ஒண்ணு சொல்லி வெப்பா. கொளஞ்சி மட்டும், "போடி, வேலையைப் பாரு"ன்னுடுவான். பாசம் இல்லாம இல்லை. பாசம்னா உசுரு. ஆனா ஊரே அவனை வெவரம் தெரிஞ்சவன்னு சொல்லுது இல்லையா, பெத்த பொண்ணு முன்னாடி தெரியலைன்னு சொல்ல அவனுக்கு வாய் வராது. அவ்வளவுதான்.

அப்போ அந்த ஊருக்குப் பொதுக்கெணறு வெட்டிக்கிட்டிருந்தான். ணங்... ணங்...னு கடப்பாரை விழும். கிறீச் கிறீச்னு உருளை சுத்தும். மண்ணுக் கூடை மேல போகும், வெறும் கூடை கீழ வரும். பன்னெண்டு ஆள் ஆழம் போயாச்சு, இன்னும் ஈரமே காணோம்.

மத்தியானம் ஆனா வேம்பு கூழ்த்தூக்கைத் தூக்கிட்டு வருவா. கெணத்து ஓரமா குப்புறப் படுத்து எட்டிப் பாப்பா.

"அப்பா, இருக்கியா?"

"இருக்கேன்."

கீழேருந்து அந்தக் குரல் குழறிக் குழறி மேல வரும். வேம்பு கிளுக் கிளுக்குனு சிரிப்பா.

அப்புறம் ஒரு நாள், கடப்பாரை விழுந்த சத்தம் வேற மாதிரி கேட்டுச்சு. ணங்குனு கேக்கலை, ணிக்குனு கேட்டுச்சு. என்னடான்னு கொளஞ்சி குனிஞ்சு மண்ணை வெலக்கிப் பாத்தான். ஒரு கல்லு. கல்லுன்னா கல்லு இல்லை, சங்கு. நத்தை சுருண்டு படுத்திருக்கும் பாரு, அந்த மாதிரி சுத்து சுத்தா, வரி வரியா, உள்ளங்கை அகலம். ஆனா கல்லாயிருந்துச்சு.

அவன் அதை மடியில கட்டிட்டு மேல வந்து மககிட்ட குடுத்தான். வேம்பு அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. காதுல வெச்சுப் பாத்தா.

"அப்பா, இது என்ன?"

"சங்கு."

"சங்கு எங்க இருக்கும்?"

"கடல்ல இருக்கும்."

"கடல் எங்க இருக்கு?"

"கெழக்கால, மூணு நாள் நடக்கணும்."

"அப்போ இது எப்படிப்பா நம்ம ஊரு மண்ணுக்குள்ள வந்துச்சு?"

கொளஞ்சி தலையைச் சொறிஞ்சான். "கடல் ஒரு காலத்துல இங்க இருந்திருக்கும்."

"கடலுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?"

கொளஞ்சிக்குத் தெரியலை. வெயில் வேற, பசி வேற. "கேட்டுச் சொல்றேன் போ"ன்னான்.

அன்னைக்கு மட்டுமில்லை, மறுநாளும் கேட்டா, அதுக்கு மறுநாளும் கேட்டா. கூழை வாங்கறப்போ கேப்பா, தூக்கைக் கழுவறப்போ கேப்பா. நாலாம் நாளு கொளஞ்சிக்குக் கோவம் வந்துடுச்சு. "வாயை மூடிட்டு வீட்டுக்குப் போ"ன்னு ஒரு அதட்டு அதட்டிட்டான். வேம்பு சங்கை இடுப்புல சொருகிக்கிட்டு விசுக் விசுக்குனு நடந்து போயிட்டா. அன்னைக்குக் கெணத்தை எட்டிப் பாக்கலை.

மறுநாள் கூழ் கொண்டாந்தது பட்டம்மா. "புள்ளைக்கு மேலு கொதிக்குது"ன்னா.

கொளஞ்சி கடப்பாரையை அப்படியே போட்டுட்டு ஓடினான். வேம்பு பாயில சுருண்டு கெடந்தா. தொட்டா நெருப்பு. கஷாயம் குடுத்தாங்க, எறங்கலை. நெத்தியில பத்துப் போட்டாங்க, எறங்கலை. மூணாம் நாளு பொழுது சாயற நேரத்துல, பக்கத்து ஊரு வைத்தியரைக் கூட்டியாரேன்னு கொளஞ்சி கெளம்புனான். பட்டம்மா மகளை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. கொளஞ்சி ஓட்டமும் நடையுமா போயி, வைத்தியரை மாட்டுவண்டியில ஏத்தி, ஜல் ஜல்லுனு ஓட்டிட்டு வந்தான். வந்து வாசல்ல எறங்குனா, தெருவே கூடி நிக்குது. யாரும் அவன் மொகத்தைப் பாக்கலை.

ம்னு சொல்லு தாயி. தூங்கிட்டியா? இல்லையா. சரி.

அப்புறம், ஓடைக்கரையில அவளைப் பொதைச்சாங்க. குழியை வேற யாரும் தோண்ட வேண்டாம், நான்தான் தோண்டுவேன்னு கொளஞ்சி மண்வெட்டியை வாங்கிட்டான். அறுவது கெணறு வெட்டுன கை. ஏழு வயசுப் புள்ளைக்கு எவ்வளவு பெரிய குழி வேணும்? இடுப்பளவு. அதை வெட்ட அவனுக்கு அரை நாளு ஆச்சு. கண்ணுல பொட்டுத் தண்ணி வரலை. பட்டம்மாவும் அழலை. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு செவத்துல சாஞ்சு, ஆளுக்கு ஒரு பக்கம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

பதினாறாம் நாளு காரியம் முடிஞ்சுது. விடிஞ்சு பாத்தா கொளஞ்சியைக் காணோம். சங்கையும் காணோம். மக கேட்டதுக்குப் பதில் தெரியாம இனிமே ஒரு கூடை மண்ணுகூட அள்ள மாட்டேன்னு, யாருகிட்டயும் சொல்லாம, அவன்பாட்டுக்குக் கெளம்பிப் போயிட்டான்.

போனான் போனான், நடந்துக்கிட்டே போனான். ஒரு பெரிய கோயில் இருக்கற ஊரு வந்துச்சு. டாண் டாண்னு மணி அடிச்சுது. உள்ள ஒரு வயசான குருக்கள், தோள்ல திருநீறு வரி வரியா. கொளஞ்சி தூரமா நின்னு கும்பிட்டான். சங்கைக் காட்டினான்.

"சாமி, இது எங்க ஊரு கெணத்துல கெடச்சுது. கடலுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு?"

குருக்கள் அதை வாங்கி வெளிச்சத்துல பாத்தாரு. "ஊழிக்காலத்துல லோகம் பூராவும் தண்ணியா இருந்துதுப்பா. அது வடிஞ்சப்போ நின்ன சங்கா இருக்கும்."

"அந்தத் தண்ணிக்கு முன்னாடி, சாமி?"

"ஈஸ்வரன்."

"அவருக்கு முன்னாடி?"

"அவருக்கு முன்னாடின்னு ஒண்ணு கெடையாது."

"சரி சாமி. எதுக்காக அவரு இதையெல்லாம் உண்டாக்குனாரு?"

"அது அவரோட வெளையாட்டு."

"ஏழு வயசுப் புள்ளையை வெச்சு என்ன வெளையாட்டு சாமி?"

குருக்கள் அவன் மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தாரு. அவரு நல்ல மனுசன். கோவிச்சுக்கலை. உள்ள போயி, ஒரு வாழை எலையில சூடா சக்கரைப் பொங்கலை எடுத்துட்டு வந்தாரு. "இதை மொதல்ல சாப்பிடு"ன்னாரு. அவன் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் கூடவே நின்னாரு.

அப்புறம் கெழக்கால போனான். மூணு நாளு நடந்தான். ஹோ...ன்னு சத்தம். கடலு. கொளஞ்சி பொறந்ததுலேருந்து கடலைப் பாத்ததில்லை. இவ்வளவு தண்ணியா, எங்க ஊருக்கு ஒரு குடம் இல்லையேன்னு நெனச்சான். கரையில ஒரு கெழவி, மணல்ல மீனைப் பரப்பிக் காய வெச்சுக்கிட்டிருந்தா. காக்கா வந்தா ஊஸ்... ஊஸ்...னு வெரட்டுவா.

"ஆயா, இந்தக் கடலுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு? கடல் எங்கேருந்து வந்துச்சு?"

கெழவி நிமிர்ந்து பாத்தா. "யாருப்பா நீ? மேக்கத்தி ஆளா?"

அவன் சொன்னான். மகளைப் பத்தி, சங்கைப் பத்தி, எல்லாத்தையும். கெழவி கேட்டுக்கிட்டே மீனைத் திருப்பிப் போட்டா.

"எனக்கு ரெண்டு பசங்க. ரெண்டு பேரும் ஒரே படகுல போனானுங்க. ஒரு கட்டைகூடக் கரை ஒதுங்கலை. கடல் எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுப்பா. நான் அதுகிட்ட கேக்கறதே வேற."

"என்ன கேப்பே ஆயா?"

"அவனுங்க பசியோட போனானுங்க. சாப்பிட்டானுங்களான்னு கேப்பேன்."

"அது என்ன சொல்லும்?"

கெழவி கடலைக் கையால காமிச்சா. ஹோ...ன்னு அது பாட்டுக்கு எரைஞ்சுக்கிட்டிருந்துச்சு. "இதைத்தான் சொல்லும்"னா.

கொளஞ்சி அங்க நாலு மாசம் தங்கிட்டான். கெழவிக்குத் தண்ணி எடுத்துக் குடுப்பான், மீன் கூடையைத் தூக்கிக் குடுப்பான். ஒரு நாளு கெழவி சோறு போட்டுக்கிட்டே கேட்டா.

"உம் பொண்டாட்டி எங்கப்பா?"

"ஊர்ல இருக்கா."

"கூட யாரு?"

கொளஞ்சி சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருந்தான். அதுக்கப்புறம் கெழவியும் கேக்கலை.

கேக்கறியா தாயி? ம்.

அப்புறம் வடக்கால போனான், திரும்ப மேக்கால போனான். மழைக்காலம் போயி, பனி போயி, வெயில் வந்துச்சு. பொட்டல் காடு, அங்கங்க வெள்ளைப் பாறை. அங்க ஒரு பள்ளத்துல, தலையில தொப்பி போட்டுக்கிட்டு, காலுல பூட்ஸ் போட்டுக்கிட்டு ஒரு அம்மா குத்த வெச்சு உக்காந்து, சின்னச் சுத்தியால பாறையைத் தட்டிக்கிட்டிருந்தாங்க. ணக் ணக் ணக். பக்கத்துல ஒரு ஜீப்பு நின்னுச்சு. கல்லைப் பத்திப் படிக்கறதுக்குன்னே ஒரு படிப்பு இருக்குதாம். அந்தப் படிப்புப் படிச்சவங்க.

கொளஞ்சி சங்கை நீட்டுனான். அந்த அம்மா அதைப் பாத்ததும் சுத்தியைக் கீழ வெச்சுட்டாங்க. பூதக்கண்ணாடியை வெச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க.

"இதுக்குள்ள ஒரு உசுரு இருந்துச்சுய்யா. நீங்க சொல்ற எடத்துல கடல் இருந்துச்சு. எட்டுக் கோடி, பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னாடி."

"அப்போ மனுசங்க இருந்தாங்களாம்மா?"

"ஒருத்தரும் இல்லை."

"அந்தக் கடலுக்கு முன்னாடி?"

"வெறும் பாறை. அதுக்கும் முன்னாடி இந்த பூமியே நெருப்புக் கொழம்பா கொதிச்சுக்கிட்டிருந்துச்சு."

"நெருப்புக்கு முன்னாடி?"

"தூசி. ஆகாசத்துல சுத்திக்கிட்டிருந்த தூசி."

"தூசி எங்கேருந்தும்மா வந்துச்சு?"

"நட்சத்திரம் இருக்கு பாருங்க, அதுக்கும் சாவு உண்டு. செத்த நட்சத்திரம் வெடிச்சுச் செதறுன தூசி. நீங்களும் நானும்கூட அதுலேருந்து வந்தவங்கதான்."

"எம் பொண்ணும்?"

அந்த அம்மா அவனை நிமிர்ந்து பாத்தாங்க. "ஆமாய்யா. உங்க பொண்ணும்தான்."

கொளஞ்சி கிட்ட வந்து உக்காந்தான். இது வரைக்கும் யாரும் இவ்வளவு தூரம் பின்னால கூட்டிட்டுப் போனதில்லை. அவனுக்கு மூச்சு வாங்குச்சு. "நட்சத்திரத்துக்கெல்லாம் முன்னாடி?"

"எல்லாமும் சேந்து, ஊசி மொனையை விடச் சின்னதா இருந்துச்சாம். அது விரிய ஆரம்பிச்சுதாம்."

"அதுக்கு முன்னாடி?"

"தெரியலைய்யா."

"உங்களுக்குத் தெரியலை. தெரிஞ்சவங்க எங்க இருக்காங்க?"

"எங்கயும் இல்லை. யாருக்கும் இன்னும் தெரியலை. தேடிக்கிட்டிருக்காங்க."

கொளஞ்சி மெதுவா கேட்டான்.

"தெரியலைன்னு இப்படிச் சொல்லலாமாம்மா?"

"தெரியாததை வேற எப்படிய்யா சொல்றது?"

"எம் பொண்ணு கேட்டப்போ எனக்கும் தெரியலை. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு அதட்டி அனுப்பிட்டேன். அவ கேட்டதுக்கு நான் சொன்ன கடைசிப் பேச்சு அதுதான். காய்ச்சல்ல கெடந்தப்போ அவ எங்கிட்ட எதுவும் கேக்கவே இல்லைம்மா. அப்பா கோவிச்சுக்கும்னு கேக்கலையோ என்னமோ."

அந்த அம்மா சங்கை அவன் கையிலயே வெச்சு, ரெண்டு கையாலயும் மூடி விட்டாங்க.

கொளஞ்சி ஊருக்குத் திரும்புனான். போயி ஒரு வருஷம் ஆயிடுச்சு. ஊரு எல்லையில பொதுக்கெணறு அப்படியே பாதியில கெடக்குது. பொம்பளைங்க குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டு ஓடைக்குப் போய்க்கிட்டிருக்காங்க. அவனைப் பாத்தாங்க, பேசலை. வீட்டுக்குப் போனா, கதவு பூட்டி, கூரையில ஒரு பக்கம் சரிஞ்சு கெடக்குது. பக்கத்து வீட்டு ஆளு மட்டும் வெளிய வந்து சொன்னாரு. "பட்டம்மாவை அவ அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான். மூணு மாசம் தனியாத்தான் கெடந்துச்சு. அடுப்புகூட மூட்டலை."

கொளஞ்சி மச்சான் வீட்டுக்குப் போனான். பட்டம்மா களத்து ஓரமா உக்காந்து கடலைக்காய் உடைச்சுக்கிட்டிருந்தா. படக்... படக்... ஒரு வருஷத்துல தலை பாதி நரைச்சுப் போச்சு. அவன் வந்து எதிர்ல நின்னான். அவ தலையைத் தூக்கலை. ஆனா யாருன்னு தெரிஞ்சுடுச்சு. சங்கைக் காணோம்ன அன்னைக்கே அவன் எதுக்குப் போனான்னும் அவளுக்குத் தெரியும்.

"பதில் கெடச்சுதா?"

"யாருக்கும் தெரியலையாம்."

"ம்."

படக்... படக்...

"பட்டம்மா, அவ கேட்டதுக்கு நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லலை. அதான் என்னால வீட்டுல இருக்க முடியலை."

அப்போதான் அவ கையை நிறுத்துனா. "நான் சொன்னேனே."

"என்ன சொன்ன?"

"நீ வைத்தியரைக் கூப்பிடப் போனியே, அன்னைக்கு. மடியில கெடந்தா. சங்கைக் கையில வெச்சுக்கிட்டு, அப்பா சொல்ல மாட்டேங்குது, நீ சொல்லும்மான்னா. எனக்கு என்ன தெரியும். கடலுக்கு முன்னாடி இங்க ஒரு பள்ளம்தான் இருந்துச்சு, யாருமே இல்லை. வேம்புன்னு ஒருத்தி இங்க வந்து பொறக்கப் போறான்னு கேள்விப்பட்டுக் கடல் உன்னைப் பாக்க வந்துச்சு. வந்து வந்து பாத்துட்டு, ரொம்ப நாளு காத்துக் கெடந்துச்சு. நீ பொறக்கலை. சரி, அவ வந்தா குடுன்னு மண்ணுகிட்ட சங்கை வெச்சுட்டுப் போயிடுச்சுன்னு சொன்னேன்."

கொளஞ்சி மெதுவா மண்ணுல உக்காந்தான். "அவ என்ன சொன்னா?"

"பாவம்னா."

"யாரை?"

"கடலைத்தான். பாவம்மா, நான் கொஞ்சம் முன்னாடி பொறந்திருக்கலாம்னா. அப்புறம் கண்ணை மூடுனா. தூங்குறான்னு நெனச்சேன்."

"எம்மேல கோவமா இருந்தாளா?"

"உம்மேல அவளுக்கு என்ன கோவம். அப்பா வந்ததும் இதைச் சொல்லணும்னா. அப்பாவுக்குத் தெரியாதில்ல, நாமதான் சொல்லணும்னா."

"ஏன் பட்டம்மா எங்கிட்ட சொல்லலை? ஒரு வருஷம்..."

"நீ எங்க கேட்ட?" அவ கோவமா சொல்லலை, சாதாரணமாத்தான் சொன்னா. "பதினாறு நாளு ஒரே வீட்டுல இருந்தோம். எம்பக்கம் திரும்பிப் பாத்தியா? பாத்திருந்தா சொல்லியிருப்பேன். ஊரு ஒலகமெல்லாம் போயிக் கேட்ட. நானும் அவளைப் பெத்தவதான்."

அப்போதான் கொளஞ்சி அழுதான். குழி வெட்டுனப்போ அழாதவன், ஒரு வருஷம் நடந்தப்போ அழாதவன், களத்துமண்ணுல கவுந்து கேவிக் கேவி அழுதான். பட்டம்மா பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் அவளுக்கும் வந்துடுச்சு. அண்ணன் பொண்டாட்டி சாப்பிடக் கூப்பிட வந்தவ, பாத்துட்டு, கூப்பிடாமலே திரும்பிப் போயிட்டா.

ரொம்ப நேரம் கழிச்சு, பட்டம்மா முந்தானையால மூஞ்சியைத் தொடச்சா. கடலைக்காயை ஒரு பக்கமா ஒதுக்குனா.

"சரி, சொல்லு. அவங்கெல்லாம் என்ன சொன்னாங்க?"

கொளஞ்சி சொன்னான். குருக்கள் சொன்னதைச் சொன்னான், கெழவி சொன்னதைச் சொன்னான். நெருப்பைச் சொன்னான், தூசியைச் சொன்னான், செத்த நட்சத்திரத்தைச் சொன்னான். பட்டம்மா பொழுது எறங்கற வரைக்கும் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தா.

அப்புறமா? ஆடி மாசம் கழிஞ்சு ரெண்டு பேரும் ஊருக்கு வந்தாங்க. கூரையை வேஞ்சாங்க. கொளஞ்சி கெணத்துல எறங்குனான். இந்தத் தடவை உருளைக் கயித்தைப் புடிச்சுக்கிட்டு மேல நின்னது பட்டம்மா. இன்னும் மூணு ஆள் ஆழத்துல தண்ணி வந்துச்சு. ஊரே குடிச்சுது. அவங்களுக்கு வேற புள்ளை பொறக்கலை. கொளஞ்சி சாகற வரைக்கும், எந்தப் புள்ளை என்ன கேட்டாலும் கூட உக்காந்து பேசுவான். சில நாளு நல்லா பேசுவான். சில நாளு பாதியில எழுந்து போயிடுவான்.

ம் வரலையே. தாயி?

சரி, சரி. கதை அதோட வீட்டுக்குப் போயிடுச்சு, நீ தூங்கு.